அஜந்தினியின் சுட்டுவிரல்

அஜந்தினியின் வலது கைச் சுட்டுவிரல் நடு மூட்டில் சற்றுப் பருத்திருக்கும். கைகுலுக்கும்போது அது தெரியும். அந்த விரலைக் காரணம் சொல்லித்தான் டென்மார்க் இராணுவம் அவளை முதல் தடவை திருப்பி அனுப்பியது. அப்படித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர் அவளுடைய அம்மா விமலராணி. மகளுக்கு அப்போது அது தெரியாது. அவள் ஆசைப்பட்டதும் அம்மா வேண்டிக்கொண்டதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அதில் எது நடந்தது என்பதுதான் இந்தக் கதை.

ஒடென்சே நகரில் ஒரே மாடிப்படியில் அவர்கள் மூன்றாம் மாடி, நாங்கள் முதலாம் மாடி. அதனால் தாயும் மகளும் எனக்குத் தனித்தனியே சொன்னார்கள். இப்போது இங்கே பதினெட்டு வயதாகும் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளைப் போலவே இராணுவத்திலிருந்து அழைப்பு வருகிறது. என் தோழிகளின் வீடுகளில் இந்தப் பேச்சு இனி அடிக்கடி எழும். அதற்கு முன் அஜந்தினியின் கதையை யாராவது எழுதி வைத்தால் நல்லது என்று நினைத்தேன்.

அவளுடைய பெற்றோர் மன்னார்க்காரர். அப்பா அந்தோனிதாசனுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அஜந்தினி பிறந்தது ஒடென்சே ஆஸ்பத்திரியில். சின்ன வயதில் மெலிந்த பிள்ளை. ஓடுவாள், விழுவாள், எழும்பித் திரும்பவும் ஓடுவாள். பள்ளியில் கைப்பந்தும் விளையாடினாள், உதைபந்தும் விளையாடினாள். எதிலும் பெரிதாகப் பேர் எடுக்கவில்லை.

அவளுக்குப் பதினாறு வயதானபோது, இங்கேயே குடியேறிவிட்ட சில அவுஸ்திரேலியர்கள் தங்கள் நாட்டு உதைபந்தாட்டத்துக்குப் பெண்கள் அணி ஒன்றைச் சேர்த்தார்கள். ஆண்கள் அணி ஏற்கனவே இருந்தது. பெண்கள் அணியில் முதலில் சேர்ந்தவர்களில் அஜந்தினியும் ஒருத்தி. தமிழ்ப் பிள்ளை அவள் மட்டும்தான். வகுப்புத் தோழி மெட்டே கூப்பிட்டதால் போனாள்.

அந்த விளையாட்டு நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. பந்து பப்பாசிப்பழம் போல நீளமாக இருக்கும். காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மற்றக் கையின் முஷ்டியால் குத்தி மற்றவளுக்கு அனுப்பலாம், பந்தோடு ஓடலாம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையால் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. ஓரத்தால் போனால் ஒரு புள்ளி. யாராவது உதைத்த பந்து நிலத்தில் படுமுன் அதை வானத்திலேயே பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் ‘மார்க்’. மார்க் எடுத்தவளை ஒருவரும் தொடக்கூடாது. அவள் நின்று நிதானமாக உதைக்கலாம்.

இந்த மார்க்கால்தான் வீட்டில் முதல் குழப்பம் வந்தது.

“சனிக்கிழமையில எங்கயடி போறாய்?” என்று அம்மா கேட்டார்.

“அவுஸ்ரேலியாக்காரரோட பயிற்சி அம்மா.”

தமிழில் பயிற்சி என்றால் விளையாட்டும் உண்டு, படிப்பும் உண்டு. விமலராணி ஆங்கிலப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டார். அவுஸ்திரேலியாக்காரர் வேறு எதைச் சொல்லிக்கொடுப்பார்கள்? அடுத்த சனிக்கிழமை மகள் முகம் சிவக்க வந்து, “அம்மா, இண்டைக்கு ஒன்பது மார்க் எடுத்தன்!” என்றாள். அம்மா சந்தோஷப்பட்டு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது லூர்தம்மா அதைப் பிடித்துக்கொண்டார். லூர்தம்மா எங்களுக்கு எதிர்க் கட்டடத்தில் இருப்பவர். மூன்று பிள்ளைகளை இங்கே படிப்பித்து முடித்தவர்.

“மகளைச் சனிக்கிழமையில காணவே கிடைக்கேல்லை, விமலா. எங்க போறவள்?”

“இங்கிலிஷ் படிக்கிறாள் அக்கா. அவுஸ்ரேலியாக்காரர் படிப்பிக்கினம். நேற்று ஒன்பது மார்க் எடுத்தவள்.”

“ஒன்பதோ?” லூர்தம்மா கோப்பையைக் கீழே வைத்தார். “டென்மார்க்கில ஒன்பது எண்டு ஒரு மார்க் இல்லையடி விமலா. ஏழுக்குப் பிறகு பத்து, பத்துக்குப் பிறகு பன்னிரண்டு. எட்டுமில்லை, ஒன்பதுமில்லை. உவள் உனக்குப் பேய்க்காட்டுறாள்.”

அது உண்மை. இங்கே பள்ளிக்கூடப் புள்ளிகள் அப்படித்தான் தாண்டித் தாண்டிப் போகும். விமலராணி தேநீரைக் குடித்து முடிக்காமலே வீட்டுக்கு வந்தார்.

“ஒன்பது எண்டு ஒரு மார்க் இல்லையாம். உண்மையைச் சொல்லு. ஆரோட சுத்துறாய்?”

அஜந்தினி அறைக்குள் போய்ப் பந்தை எடுத்துவந்து தகப்பனிடம் கொடுத்தாள். “அப்பா, எனக்கு மேலால எறியுங்கோ.” அவர் எறிந்தார். அவள் சோபாவில் ஏறித் துள்ளி அதைப் பிடித்தாள். சுவரிலிருந்த இயேசுவின் திருவிருதயப் படம் ஒருமுறை ஆடி நின்றது.

“இதுதான் மார்க்,” என்றாள். “நேற்று இப்படி ஒன்பது தரம் பிடிச்சனான்.”

அந்தோனிதாசன் சிரிக்கத் தொடங்கினார். “இஞ்சரும் விமலா, டெனிஷில மார்க் எண்டால் வயல். ஒரே நாளில ஒன்பது வயல் எடுத்திருக்கிறாள் எண்டால் எங்கட சனத்துக்குள்ள பெரிய காணிக்காரி இவள்தான்.”

விமலராணி சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. ஞாயிறு பூசையைத் தவறவிடக்கூடாது என்று மட்டும் சொன்னார். விளையாட்டைப் பார்க்க அவர் ஒரு நாளும் போகவில்லை.

அஜந்தினி நாலு வருடம் விளையாடினாள். கோல் அடித்துப் பேர் வாங்குபவள் அவள் அல்ல. பந்தோடு ஓடுகிறவளுக்குப் பக்கத்திலேயே ஓடி, பிடிக்க வருகிறவர்களுக்குக் குறுக்கே தன் உடம்பைப் போட்டு வழி எடுத்துக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. அந்த விளையாட்டில் அதற்கு அனுமதி உண்டு. சனம் அதைக் கவனிக்காது. அணியில் இருப்பவர்களுக்குத் தெரியும். “நீ பக்கத்தில ஓடுற சத்தம் கேட்டால் நான் திரும்பியே பாக்கமாட்டேன்,” என்று மெட்டே ஒருமுறை அவளிடம் சொன்னாளாம்.

விரல் போனது கொப்பன்ஹேகன் அணியோடு விளையாடிய ஒரு மழை நாளில். நனைந்த பந்து விரல் நுனியில் மோதியது. விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. மெட்டே கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். நேராக வந்தது. பக்கத்து விரலோடு சேர்த்து நாடாவால் கட்டிக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள். அதற்குப் பிறகும் வைத்தியரிடம் போகவில்லை. வீக்கம் வற்றியபோது விரல் நிமிரும், ஆனால் முழுதாக மடங்காது என்று ஆகிவிட்டது. பேனை பிடிக்க முடிந்தது. பந்தும் பிடிக்க முடிந்தது. அதனால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியை முடித்த வருடம், வெள்ளைத் தொப்பி போட்டு ஊர்வலம் போய் வந்த கையோடு, அவள் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னாள். “நான் சொல்டாட் ஆகப் போறன்.”

அவளுடைய வயதுப் பெண்களுக்கு அப்போது அது கட்டாயம் இல்லை. விரும்பினால் போகலாம்.

விமலராணிக்கு அந்த டெனிஷ் சொல் விளங்கும். ஆனாலும் கேட்டார். “அப்பிடியெண்டால்? ஆமியோ?”

“ஓம், ஆமிதான்.”

மன்னாரில் விமலராணியின் சின்ன வயதில் துவக்கு வைத்திருந்தவர்கள் இரண்டு வகை. ஒன்று ஆமி, மற்றது இயக்கம். யார் வந்தாலும் அவருடைய வீட்டார் பாயைச் சுருட்டிக்கொண்டு மடு மாதா கோவிலுக்கு ஓடியவர்கள். துவக்கு வைத்திருக்கிற மூன்றாவது வகை மனிதரைக் குறிக்க அவரிடம் ஒரு சொல் இல்லை. தன் வயிற்றில் பிறந்தவள் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் தட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். நீ துவக்குத் தூக்கப் போறியோ? நேர்ஸ் படி. ரீச்சருக்குப் படி. லூர்தம்மாவின்ர மகள் மருந்துக் கடையில நிக்கிறாள், பாக்க எவ்வளவு வடிவாயிருக்கு!”

“அம்மா, எனக்கு ஒரேயொரு வேலைதான் நல்லாச் செய்யத் தெரியும். மற்றவள் பந்தைக் கொண்டு போகேக்க குறுக்கால நிக்கிறது. அதையே வேலையாச் செய்யலாமெண்டால் என்ன பிழை?”

“பந்தில்லையடி அங்க வாறது. குண்டு!”

“தெரியும் அம்மா. பயமாத்தான் இருக்கு. இஞ்ச ஐரோப்பாவிலயும் சண்டை நடக்குதுதானே. எல்லா அம்மாவும் தங்கட பிள்ளையை அனுப்பமாட்டம் எண்டால் ஆர் நிக்கிறது?”

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். அன்றிரவே நேர்த்தி வைத்தார். ‘மாதாவே, என்ர பிள்ளையை ஆமி எடுக்கக் கூடாது. எடுக்காவிட்டால் கோவிலில எல்லாருக்கும் சோறு குடுப்பன்.’ கணவருக்கு மட்டும் சொன்னார்.

மருத்துவப் பரிசோதனையில் அஜந்தினி எல்லாவற்றிலும் தேறினாள். கண் சரி, காது சரி, ஓட்டம் மிகவும் சரி. கடைசியில் அந்த வைத்தியர், “கையைப் பொத்திக் காட்டு,” என்றார். நான்கு விரல் மடங்கியது. சுட்டுவிரல் அரைவாசியில் நின்றது.

“இதுதான் விசை இழுக்கிற விரல்,” என்றார் அவர். “நுனி உள்ளங்கையைத் தொட வேண்டும். இப்போது தகுதியில்லை என்றுதான் எழுத முடியும். கைப் பயிற்சி செய்து, ஆறு மாதம் கழித்து வேண்டுமானால் திரும்பி வா.”

வீட்டில் அப்பாதான் முதலில் பேசினார். “சுட்டுவிரல் எண்டு சும்மாவே பேர் வைச்சவை? சுடுகிற விரல் அதுதானே.” ஒருவரும் சிரிக்காததால் தொலைக்காட்சியைப் போட்டார்.

கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அஜந்தினி போனாள். அவர் பிசைவதற்குப் பச்சை நிறக் களி ஒன்றைக் கொடுத்தார். ஒரு மாதம் அவள் அதைப் பிசைந்து பிசைந்து பார்த்தாள். விரல் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

அந்த மாதத் தமிழ்ப் பூசைக்கு விமலராணி பெரிய சட்டியில் மஞ்சள் சோறும் கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் சமைத்தார். நேர்த்தி என்று மட்டும் சொன்னார். மகள் ஏன் எதற்கு என்று கேட்காமல் சட்டியின் ஒரு காதைத் தானும் பிடித்துத் தூக்கி வந்தாள். மண்டபத்தில் அம்மா சோறு போட, அவள் தட்டுகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

லூர்தம்மா வந்தார். “என்ன நேர்த்தி விமலா? மகளுக்கு நல்ல இடம் ஏதும் பொருந்திட்டுதோ?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “சுகம் கேட்டு...” என்று விமலராணி தொடங்கினார். மண்டபத்தின் மூலையில் மாதா சொரூபம் இருந்தது. சோற்றை மாதாவின் பேரில் கொடுத்துக்கொண்டு மாதாவுக்கு முன்னாலேயே பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“இவளை ஆமி எடுக்கக் கூடாதெண்டு கேட்டனான் அக்கா. எடுக்கேல்லை.”

அகப்பை சட்டியிலேயே நின்றது. அஜந்தினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தட்டை லூர்தம்மாவிடம் நீட்டினாள்.

“வடிவாச் சாப்பிடுங்கோ அன்ரி. என்ர விரலால வந்த சோறு.”

லூர்தம்மா தட்டை வாங்கினார். சோறு நல்ல ருசியாக இருந்ததால் சாப்பிட்டும் விட்டார். அஜந்தினி கடைசி ஆள் வரைக்கும் தட்டு நீட்டினாள். சட்டியைக் கழுவினாள். அதன்பிறகு அம்மாவோடு பேசவில்லை.

காரில் அந்தோனிதாசன் முன்னாலிருந்து சொன்னார்: “பிள்ளையும் அழுறாள், நேர்த்தி வைச்சவவும் அழுறா. நீர் மாதாவுக்குப் பிழையான விலாசம் குடுத்திட்டீர் போல.”

“நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு ரோட்டைப் பாருங்கோ,” என்றார் விமலராணி.

மகள் களியைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். அது யன்னல் ஓரத்தில் கிடந்து காய்ந்தது. “மாதாவே வேண்டாமெண்டால் நான் ஆர்?” என்று தகப்பனிடம் சொன்னாளாம். அது கோபத்தில் சொன்னது என்று நான் நினைத்தேன். இல்லை, அப்போது உண்மையாகவே அப்படித்தான் நம்பியதாக அவள் பிறகு எனக்குச் சொன்னாள்.

கிடைத்த ஒரு சின்ன வேலைக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் போய்வந்தாள். வீட்டில் சாப்பிடுவது குறைந்தது. ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒன்றும் சாப்பிடாமல் சைக்கிளில் போய்விட்டாள். காலை வேலை முடிந்து வந்த விமலராணி, மேசையில் மூடி வைத்த சாப்பாடு அப்படியே இருப்பதைக் கண்டார். அதைப் பார்சல் கட்டிக்கொண்டு, முதியோர் இல்லத்து வெள்ளை மேற்சட்டைக்கு மேலே குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கார் கணவரிடம் இருந்ததால் பஸ் எடுத்து மைதானத்துக்குப் போனார்.

அந்த விளையாட்டுக்கு வேண்டிய நீள்வட்ட மைதானம் அங்கே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு உதைபந்தாட்டத் திடல்களைச் சேர்த்து, கூம்பு வைத்து எல்லை பிடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் குழாய்கள்தான் கம்பங்கள். பார்வையாளர் என்று ஒரு கைப்பிடிச் சனம். பார்சலோடு நின்ற அவரிடம் மெட்டே ஓடி வந்தாள்.

“நீங்கள் அஜந்தினியின் அம்மாதானே? கோல் பார்க்க எங்களுக்கு ஆள் இல்லை. உங்களால் முடியுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் கையில் இரண்டு வெள்ளைக் கொடிகள் வந்துவிட்டன. நடுவால் போனால் இரண்டு கொடி. ஓரத்தால் போனால் ஒரு கொடி. கம்பத்தில் பட்டாலும் ஒரு கொடிதான். மெட்டே அவ்வளவுதான் சொன்னாள். விமலராணி பார்சலைப் புல்லில் வைத்துவிட்டுக் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார். தூரத்தில் அஜந்தினி அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பந்து அவளுடைய காலடியால் உருண்டு போனது.

விமலராணி அன்று முழு ஆட்டமும் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியாத இடத்தில் அவரை நிறுத்தியிருந்தார்கள். முதலில் மகளை மட்டும் பார்த்தார். அவள் விழும்போதெல்லாம் “யேசுவே” என்று சொல்லிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஒன்று கண்ணில் பட்டது. தன் கையில் பந்து இருக்கும்போது அஜந்தினி சாதாரணமாகத்தான் ஓடினாள். மற்றவளின் கையில் பந்து வந்தவுடன்தான் அவளுக்குக் கால் முளைத்தது. சின்னப் பிள்ளை ஒருத்தி, புதிதாகச் சேர்ந்தவள், பந்தோடு தடுமாறி ஓட, இரண்டு பேர் அவளை விழுத்த வர, அஜந்தினி குறுக்கே போனாள். மூன்று பேரும் சேற்றில் விழுந்தார்கள். சின்னவள் விழவில்லை. விழுந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டு ஆளையாள் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். ஒரு கோல் கிடைத்தால் ஒடென்சே வெல்லும். அஜந்தினி ஒரு மார்க் எடுத்தாள். நிதானமாக நின்று உதைத்தாள். பந்து நடுவால் போவது போலத்தான் வந்தது. அணியில் எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் விமலராணியின் தலைக்குப் பக்கத்தில் குழாய் ‘டக்’ என்றது.

அவர் ஒரு கொடியைத் தூக்கினார்.

அஜந்தினி ஓடி வந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அம்மாவோடு அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்: “அம்மா, அது கோல்!”

“இல்லைப் பிள்ளை. தட்டுப்பட்டது.”

“ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். நான் சத்தம் கேட்டனான்.”

நடுவர் வந்து டெனிஷில் கேட்டார். விமலராணி அதையே டெனிஷிலும் சொன்னார். ஒரு புள்ளி என்று எழுதினார்கள். ஒடென்சே தோற்றது.

பிறகு இருவரும் புல்லில் இருந்து பார்சலை அவிழ்த்தார்கள். சோறு ஆறிப் போயிருந்தது. அஜந்தினி சேற்றுக் கையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

“வேற ஆற்றையும் அம்மா எண்டால் ரெண்டு கொடி காட்டியிருப்பா,” என்றாள். கோபமும் சிரிப்பும் கலந்திருந்தது.

“வேற ஆற்றையும் அம்மா எண்டால் அப்பிடி ஒரு நேர்த்தி வைச்சிருக்க மாட்டா.”

அஜந்தினி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“நான் உன்னைப் பாக்காமலே கேட்டுப்போட்டன்,” என்றார் அம்மா. “உடுப்பைத்தான் கண்ணுக்குள்ள வைச்சிருந்தனான். இண்டைக்குத்தான் நீ என்ன செய்யிறாய் எண்டு பாத்தனான். பயம் போகேல்லை. அது போகாது. விரலைக் காட்டு.”

அவருடைய வேலையிடத்தில், பாரிசவாதம் வந்து கை இறுகிப்போன முதியவர்களின் விரல்களைத் தினமும் நீட்டி மடக்கி விடுவது அவருடைய பொறுப்பு. அன்றிலிருந்து அதை வீட்டிலும் செய்தார். ஒரு கிண்ணத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர். அதில் கையைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, அடி மூட்டை ஒரு கையால் பிடித்து, நுனியை மற்றக் கையால் மெல்ல மெல்ல உள்ளே தள்ளுவார். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடமும் கூடப் போய், எவ்வளவு தள்ளலாம் என்று கேட்டு வந்தார். காய்ந்த களிக்குப் பதிலாக ரொட்டி மா குழைத்துக் கொடுத்தார். அந்த மாதங்களில் அவர்கள் வீட்டில் ரொட்டி அதிகம். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் டெனிஷ் பேசினால் ஏசுகிறவர் விமலராணி. ஆனால் விரலைப் பிடித்தவுடன் வேலையிடத்து வாய் வந்துவிடும். “என் கங் தில், ஸ்கட்,” என்பார். இன்னும் ஒருக்கா, செல்லம், என்று பொருள்.

முதல் நாள் அஜந்தினி வலியோடு சிரித்துவிட்டாள். “அம்மா, எனக்கு எண்பத்தைந்து வயசில்லை.”

“அந்தக் கிழவிகள் உன்னை விடக் கெட்டிக்காரியள். இப்பிடிக் கத்துறேல்லை. என் கங் தில்.”

அந்தோனிதாசன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் கதைக்கத் தொடங்கிட்டியள். இனி எனக்கு இந்த வீட்டில நிம்மதி இல்லை,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்.

விரல் ஒரே சீராக இறங்கவில்லை. ஒரு கிழமை முன்னேறும், அடுத்த கிழமை குளிருக்குத் திரும்ப இறுகும். பெப்ரவரியில் ஒரு நாள் அஜந்தினி கையை இழுத்துக்கொண்டு, “விடுங்கோ அம்மா, இது சரிவராது,” என்று அழுதாள். விட்டுவிடலாம் என்று அந்த நேரத்தில் தன் மனதுக்குள் ஒரு குரல் சொன்னதாக விமலராணி எனக்குச் சொன்னார். இத்தோடு நிறுத்திவிட்டு, விரல் மடங்கவில்லை என்று சொன்னால் போதும். யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். அவர் எழும்பிப் போய்த் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் பரிசோதனைக்கு அம்மாதான் காரில் கூட்டிப் போனார். உள்ளே வரவில்லை. அதே வைத்தியர் இல்லை, வேறு ஒருவர். பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு, “பொத்து,” என்றார். அஜந்தினி பொத்தினாள். சுட்டுவிரல் கடைசியாக, மற்றவற்றை விட மெதுவாக வந்து, உள்ளங்கையைத் தொட்டது. அவர் தன் விரலை அவளுடைய பிடிக்குள் வைத்து இழுத்துப் பார்த்தார். வெளியே வரவில்லை.

“யார் இதை மடக்கிவிட்டது?” என்று கேட்டார்.

“என் அம்மா,” என்றாள்.

அவள் காருக்கு வந்தபோது விமலராணியின் கையில் செபமாலை இருந்தது. கதவைத் திறந்த மகள் உள்ளே ஏறாமல் நின்றாள்.

“இப்ப என்ன கேட்டனீங்கள்?”

“ஒண்டும் கேக்கேல்லை. சும்மா சொல்லிக்கொண்டிருந்தன். என்னவாம்?”

அஜந்தினி கையைப் பொத்திக் காட்டினாள். அம்மா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, “ஏறு, பார்க்கிங் நேரம் முடியப்போகுது,” என்றார்.

ஓகஸ்டில் அவள் முகாமுக்குப் போனாள். பையில் சப்பாத்துக்குப் பக்கத்தில் பந்தையும் வைத்துக்கொண்டு போனாள். அங்கே ஓய்வு நேரத்தில் நாலைந்து பேருக்கு மார்க் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். துவக்குச் சுடும் பயிற்சியில் அவள் நடுத்தரம்தான். பொதி சுமந்து நெடுந்தூரம் நடக்கும்போது பின்தங்குகிறவர்களோடு சேர்ந்து நடக்கிறவள் அவள் என்று அவளுடைய சார்ஜன்ட் சொன்னதாக, முகாமுக்கு அவளைப் பார்க்கப் போய்வந்த மெட்டே சொன்னாள். அஜந்தினி அதைச் சொல்லவில்லை.

முதல் விடுமுறைக்கு அவள் சாதாரண உடுப்பில்தான் வந்தாள். அம்மா கேட்கவில்லை, அவளாகவே ரயிலில் மாற்றிக்கொண்டாள். தோய்க்க வேண்டிய உடுப்பெல்லாம் ஒரு பெரிய பையில். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் மறுநாள் பத்து மணியாகியும் எழும்பவில்லை.

விமலராணி பையைத் திறந்தார். பச்சையும் மண்ணிறமும் கலந்த அந்த உடுப்பைக் கையில் எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு எடுத்து, பைகளைத் துழாவி, ஒரு இனிப்புத் தாளையும் காய்ந்த புல்லையும் எறிந்துவிட்டு மெசினில் போட்டார். தோய்த்ததைக் குளியலறைக்குள் விரித்தார். அது தடித்த துணி. அங்கே காய இரண்டு நாளாகும். மகள் மாலையில் திரும்பிப் போக வேண்டும். அவர் அதை எடுத்து, யோசித்து, திரும்ப விரித்து, திரும்ப எடுத்து, பல்கனிக்குக் கொண்டுபோய் ரோட்டைப் பார்த்தபடி கொடியில் போட்டார். நான் கீழே சைக்கிள் பூட்டிக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தபோது மேற்சட்டையின் இரண்டு கைகளும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

எதிர்க் கட்டடத்திலிருந்து லூர்தம்மா தலையை நீட்டினார்.

“விமலா! உங்கட பல்கனியில ஆமி உடுப்பெல்லோ காயுது!”

“ஓம் அக்கா. அஜந்தினியின்ர.”

“சனம் பாக்குமடி.”

“பாக்கட்டும். இன்னும் ஒரு சோடி கிடக்கு, அதையும் போடப் போறன்.”

அவர் உள்ளே போய்த் தோய்த்த இரண்டாவது சோடியையும் கொண்டு வந்தார். உதறினார். நாலு கிளிப் போட்டு இறுக்கினார். பிறகு முதலாவதின் கை மடிப்பைத் தொட்டு ஈரம் பார்த்தார். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. மாலை ரயிலுக்குள் காய்ந்துவிடும்.